மாமரத்தடியில் நிற்கும் காருக்குக் கவர் போடலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது 64. திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் வீடு. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் இரண்டு வருடத்துக்கு முன் அடர்நீல நிறத்தில் ஒரு சிறிய கார் வாங்கினோம். வாரத்தில் இரண்டு நாள்தான் எடுப்போம். செவ்வாய்க்கிழமை கணவரின் முழங்கால் சிகிச்சைக்கு, ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்கு. மற்ற நாளெல்லாம் தெருவில், அடுத்த வீட்டு மாமரத்தின் கிளைக்கடியில் நிற்கிறது. மேலே கேபிள் ஒயர், அதில் எப்போதும் காக்கை. பானட்டில் வட்ட வட்டமாகத் தழும்பு விழுந்துவிட்டது. மகள் கவர் போடச் சொல்கிறாள். எதிர்வீட்டுக்காரரோ, "கவர் போட்டுத்தான் என் வண்டி ரூஃப் முழுக்கக் கொப்புளம் வந்தது, போடாதீங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வாங்கினால் எதை வாங்குவது? நான் ஒருத்தியாகவே மாட்டிக் கழற்ற முடியுமா? பழைய பருத்திப் புடவை இரண்டைச் சேர்த்துத் தைத்துப் போட்டால் போதும் என்கிறார் என் கணவர். அது சரிவருமா?
வாசகி, சென்னை-41

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் மகள் சொல்வதும் சரி, எதிர்வீட்டுக்காரர் சொல்வதும் சரி. இருபத்தொன்பது வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். கவர் இல்லாமல் வெயிலில் நின்று கெட்ட வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன, கவருக்குள் நின்று கெட்ட வண்டிகளும் வந்திருக்கின்றன. உங்கள் வண்டி நிற்கும் இடத்தையும் நீங்கள் ஓட்டும் முறையையும் பார்த்தால், நீங்கள் கவர் போடத்தான் வேண்டும் என்பேன். ஆனால் எதைப் போடுவது, எப்போது போடுவது என்பதில் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

முதலில் அந்த வட்டத் தழும்பைப் பற்றிப் பேசிவிடலாம், காரணம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் எவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, ப்ரைமர், நிறம், அதற்கு மேல் கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே 100 முதல் 130 மைக்ரான்தான். நீங்கள் ஆசிரியை, இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும்: ஜெராக்ஸ் எடுக்கும் வெள்ளைத்தாள் ஒன்றின் கனம். அதிலும் பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் இருக்கிற மேல் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. வெயில், உப்பு, எச்சம், மரப்பிசின் எல்லாவற்றையும் தாங்குவது அந்த ஒரு படலம். பாலிஷ் போடும்போது போவதும் அதுதான். ஒவ்வொரு ரப்பிங்கிலும் அதில் கொஞ்சம் தேய்ந்துதான் பளபளப்பு வருகிறது. அதனால்தான், தழும்பு வந்தபின் எடுப்பதைவிட வராமல் பார்ப்பது மேல் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

காக்கை எச்சம் பட்டால் அதிலிருக்கும் அமிலம் அரித்துவிடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அமிலம் உண்மை. ஆனால் அமிலம் மட்டும் அந்தத் தழும்பைப் போடுவதில்லை, வெயிலுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. மத்தியான வெயிலில் அடர்நீல பானட் 70 டிகிரியைத் தொட்டுவிடும், கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது. அதன்மேல் விழுந்த எச்சமோ காய்ந்து கல்லாக இறுகுகிறது. சாயங்காலம் வண்டி ஆறும்போது கிளியர் கோட் சுருங்கி, இறுகிக் கிடக்கும் அந்த எச்சத்தின் மேடு பள்ளத்தை அச்சாக எடுத்துக்கொள்கிறது. மெழுகில் முத்திரை குத்துவதுபோல. பிறகு நீங்கள் எச்சத்தைக் கழுவிவிடலாம், அச்சு நிற்கும். அதனால்தான் ஒரே காக்கை எச்சம் மார்கழியில் பெரிதாக ஒன்றும் செய்யாது, கத்திரி வெயிலில் ஒரே பகலில் வேலையைக் காட்டிவிடும். வெள்ளைக் காருக்குச் சூடு குறைவு, தழும்பும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் நீலத்துக்கு இரண்டு வகையிலும் நஷ்டம்.

அடுத்தது மாமரம். நிழல் கொடுக்கிறதே என்று அதன் கீழ் நிறுத்துகிறோம், அதில் தப்பில்லை. ஆனால் தை, மாசியில் மாம்பூ பூக்கும்போது பூங்கொத்தில் தத்துப்பூச்சி உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். அது வெளியே விடும் கழிவு சர்க்கரைப்பாகுபோலச் சொட்டும். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடியாகப் பிசுபிசுப்பு. அதன்மேல் தூசி ஒட்டும், பிறகு கரும்பூஞ்சை படரும். வைப்பர் போட்டால் இழுவிக்கொண்டு போகும். இந்தப் பிசுபிசுப்பைக் காய்ந்த துணியால் துடைக்க முயல்கிறவர்கள்தான் வண்டியைக் கெடுக்கிறார்கள், ஏனென்றால் தூசியில் இருப்பது மணல். திருவான்மியூரில் கேட்கவே வேண்டாம், கடற்கரை மணல். மணலைத் துணிக்கடியில் வைத்துத் தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்ததுதான்.

இனிப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை உப்பு. கடல்காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துளி பறந்து வந்து வண்டிமேல் படிகிறது. உங்கள் அடுக்களையில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் மழைநாளில் நீர் விடுகிறதல்லவா, அதே சங்கதி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது அதற்கும் முன்னாலேயே கசிய ஆரம்பிக்கும். கடலோரச் சென்னையில் பெரும்பாலான நாட்களில் இரவும் விடிகாலையும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கும். அதாவது உப்பு படிந்த வண்டி, மழையே பெய்யாவிட்டாலும் தினம் ராத்திரி உப்புத்தண்ணீரில் நனைகிறது. காலையில் வெயில் வந்து காய வைக்கிறது.

இப்போது எதிர்வீட்டுக்காரர் கதை விளங்கும். உப்பும் ஈரமும் இருக்கிற வண்டிமேல் காற்றுப் போகாத ஒரு ஷீட்டைப் போர்த்திவிட்டால், காலை வெயில் செய்கிற காய வைக்கும் வேலை நின்றுபோகிறது. உள்ளே இருக்கிற ஈரம் பகலில் ஆவியாகி ஷீட்டின் அடியில் துளியாகப் படிகிறது, ராத்திரி திரும்பவும் ரூஃப்மேல் சொட்டுகிறது. வெயிலில் வெந்நீர் ஒத்தடம், நிழலில் பச்சைத்தண்ணீர் ஒத்தடம் என்று பெயிண்டுக்கு மாற்றி மாற்றி நடக்கும். அவருடைய வண்டியை நான் பார்க்கவில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் போட்டது உள்பக்கம் ரப்பர்போல வழுவழுப்பான பிளாஸ்டிக் பூச்சு உள்ள கவரா, அல்லது தார்ப்பாயா? அந்த ரூஃப் முன்னால் எப்போதாவது திரும்பப் பெயிண்ட் அடித்ததா?

இரண்டாவது கேள்வியை ஏன் கேட்கிறேன் என்றால், கம்பெனி பெயிண்ட் கொஞ்ச நாள் ஈரத்துக்கெல்லாம் கொப்புளிக்காது. வெளியே ஷெட்டில் அடித்த பெயிண்ட்தான் பெரும்பாலும் கொப்புளிக்கும். பள்ளத்தை நிரப்பப் பட்டி என்கிற பசையை வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்ப்போம். பட்டி ஈரத்தைக் குடிக்கும் பொருள். தேய்க்கிற தண்ணீர் உவர் போர் தண்ணீராக இருந்து, நன்றாகத் துடைத்துக் காய வைக்காமல் மேலே அடித்துவிட்டால், அந்த உப்பு பெயிண்டுக்கு அடியிலேயே மாட்டிக்கொள்கிறது. பெயிண்ட் பார்க்கத்தான் கண்ணாடிபோல இருக்கும், நாள்கணக்கில் ஈரம் நின்றால் நீராவியை உள்ளே விடும். அடியிலிருக்கும் உப்பு அந்த நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். கொப்புளம் அங்கேதான் எழும்புகிறது. அப்படியானால் நோய் பெயிண்டுக்கு அடியிலேயே இருந்தது, கவர் அதைக் கிளப்பிவிட்டது. என்னிடம் பெயிண்ட் அடித்துக்கொண்டு போகிறவர்களிடம், ஒரு மாதமாவது கவர் போடாதீர்கள், பெயிண்டிலிருக்கும் தின்னர் முழுக்க வெளியேறட்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்புகிறேன். உங்கள் வண்டியில் ஏதாவது இடத்தில் டச்சப், டிங்கரிங் நடந்திருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

2020 ஊரடங்கு முடிந்து ஷெட்டைத் திறந்தபோது வந்த முதல் இரண்டு வண்டிகளை என்னால் மறக்க முடியாது. பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரே அபார்ட்மென்டிலிருந்து வந்தவை, இரண்டும் மார்ச் கடைசியிலிருந்து அசையாமல் நின்றவை. ஒன்றை நீல தார்ப்பாயால் மூடி, பறக்காமலிருக்க ரூஃப்மேல் செங்கல் வைத்திருந்தார்கள். இன்னொன்றைத் திறந்தபடியே விட்டிருந்தார்கள். திறந்து நின்றது பார்க்கச் சகிக்கவில்லை. எச்சம், சருகு, தூசி. ஆனால் கழுவி, பாலிஷ் போட்டதும் முக்கால்வாசி தேறிவிட்டது. தார்ப்பாய் வண்டி தூரத்திலிருந்து பார்க்கச் சுத்தமாக இருந்தது. கிட்டப் போனால் கதவு ஓரமெல்லாம் துரு, ரூஃபில் வெள்ளை மூட்டம், தார்ப்பாய் காற்றில் ஆடி உரசிய மூலைகளில் கிளியர் கோட்டே இல்லை. டிக்கியைத் திறந்தால் பூஞ்சை வாடை. அதை வைத்திருந்தவர் ரொம்ப ஆசையாகப் பார்த்துப் பார்த்து மூடியவர். அவரிடம் விவரம் சொல்லும்போது எனக்கு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்துதான், கவர் என்று யாராவது வாயெடுத்தாலே நான் பத்து நிமிஷம் உட்கார வைத்துப் பேசுகிறேன்.

சரி, எதை வாங்குவது? கடையில் மூன்று நான்கு ரகம் காட்டுவார்கள். வெள்ளி நிறத்தில் மினுமினுக்கும் மெல்லிய பாலியஸ்டர், விலை குறைவு. முதல் வருட வெயிலிலேயே வெள்ளிப்பூச்சு பொடியாக உதிர ஆரம்பித்துவிடும், உதிர்ந்தது வண்டிமேல்தான் படியும். அடுத்தது, 'நூறு சதவீதம் வாட்டர்ப்ரூஃப்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் பூச்சுக் கவர். கடற்கரைப் பக்கம் இருக்கிற உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். உள்ளே தண்ணீர் விடாதது, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேயும் விடாது. பனியன் துணிபோல இழுபடும் கவர் கராஜுக்குள் தூசிக்கு மட்டும்தான், தெருவுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது நெய்யாத துணியை மூன்று நான்கு அடுக்காக ஒட்டிச் செய்த, காற்றாடும் கவர். மழைத்தண்ணீர் பெரும்பாலும் வழிந்தோடும், பெருமழையில் கொஞ்சம் உள்ளே வரும். வந்தாலும் ஆவியாக வெளியேறிவிடும். உள்பக்கம் பருத்தியோ, கன்னத்தில் வைத்தால் உறுத்தாத மெத்துத்துணியோ இருக்க வேண்டும்.

கடைக்காரர் 'காற்றாடும்' என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். அநேகமாக எல்லாக் கவரோடும் அதை மடித்து வைக்க அதே துணியில் தைத்த சின்னப் பை ஒன்று வரும். பையும் கவரும் ஒரே துணிதானா என்று முதலில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் ஒரு டம்ளரில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றி, அந்தப் பையை அதன் வாயில் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு குளிர்ந்த எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பிடியுங்கள். இரண்டு நிமிஷத்தில் தட்டில் ஆவி படிந்தால் துணி மூச்சு விடுகிறது. தட்டு காய்ந்தே இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எத்தனையோ அறிவியல் சோதனை செய்து காட்டியிருப்பீர்கள், இதுவும் அதில் ஒன்று.

அளவு சரியாக இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கென்றே தைத்ததாக, சைடு மிரருக்குப் பாக்கெட் வைத்ததாக, அடியில் சுற்றிலும் எலாஸ்டிக் உள்ளதாக, வயிற்றுக்கடியில் மாட்டும் பெல்ட்டும் பக்கிளும் உள்ளதாக வாங்குங்கள். பெல்ட் மிக முக்கியம். கடல்காற்றில் தளர்ந்த கவர் நாள் முழுக்கப் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், அடிக்கும் இடமெல்லாம் தேயும். கடல்காற்று தினமும் வீசும் தெருவில் பெல்ட் இல்லாத கவரும் ஒன்றுதான், கவர் இல்லாமலிருப்பதும் ஒன்றுதான். இன்னொன்று, தெருவில் நிறுத்துகிறீர்கள். கவர் போட்டால் பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் மறைந்துவிடும். ராத்திரி வேகமாக வருகிற பைக்காரனுக்குக் கறுப்புக் கவர் கண்ணில் படாது. வெளிர்நிறக் கவராக, முன்னும் பின்னும் ஒளி பட்டால் மின்னும் பட்டை தைத்ததாக இருக்கட்டும். பட்டை இல்லையென்றால் நீங்களே வாங்கித் தைத்துவிடலாம்.

போடும் முறைக்கு வருகிறேன். மூன்று நிலையில் கவர் போடவே கூடாது: வண்டி சூடாக இருக்கும்போது, ஈரமாக இருக்கும்போது, அழுக்காக இருக்கும்போது. ஓட்டிவிட்டு வந்ததும் போட்டால் சைலன்சரில் பட்டுக் கவர் உருகும், இன்ஜின் சூட்டில் உள்ளே புழுங்கும். வந்து ஒரு காபி குடித்து, முகம் கழுவிவிட்டு, அரைமணி நேரம் கழித்து வந்து போடுங்கள். ஈரத்தைப் பற்றி ஏற்கனவே சொல்லிவிட்டேன். அழுக்கு என்றால் தூசி. தூசி படிந்த வண்டிமேல் கவரைப் போட்டு இழுத்தால் அத்தனை மணலையும் நாமே தேய்த்துவிடுகிறோம். கவர் போட்டதால் கோடு விழுந்தது என்கிறவர்களில் பெரும்பாலோர் இப்படிப் போட்டவர்கள்தான்.

"ஒவ்வொரு தடவையும் கழுவிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டிலிருந்து வந்தபின் நன்றாகக் கழுவினால் போதும். செவ்வாய்க்கிழமை வந்ததும் மேலே தண்ணீர் விட்டுத் தூசியை ஓட்டி, மெத்தென்ற ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, காய்ந்தபின் போடுங்கள். ஆனால் எந்தத் தண்ணீரில்? உங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அதில் கழுவுவது உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதுதான். காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். மெட்ரோ வாட்டர் இரண்டு வாளி கடைசி அலசலுக்கு ஒதுக்குங்கள். அதையும் ஒதுக்க முடியாத கோடையில், ஒரு வாளி நல்ல தண்ணீரில் துணியை முக்கி முக்கி ஒற்றி எடுத்தாலே போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் போடுங்கள். வாக்ஸ் இருந்தால் எச்சம் ஒட்டாமல் வழுக்கும், கவர் உரசினாலும் முதலில் தேய்வது வாக்ஸ்தான்.

ஒருத்தியாக மாட்டலாம் அம்மா, பயப்பட வேண்டாம். கழற்றும்போது சரியாகச் சுருட்டினால் மாட்டும்போது சிரமமே இருக்காது. முதலில் கவர்மேல் கிடக்கும் சருகையும் தூசியையும் மெத்துத் துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றி, வலப்பக்கத் தொங்கலைத் தூக்கி ரூஃப்மேல் மடித்துப் போடுங்கள், பிறகு இடப்பக்கத்தை. இப்போது வண்டி நீளத்துக்கு ஒரு பட்டைபோலக் கிடக்கும், அழுக்கான வெளிப்பக்கம் மடிப்புக்குள் போய்விடும். பின்னாலிருந்து முன்னால் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். முன் பம்பரில் வந்து முடியும். அப்படியே பையில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை அந்தச் சுருளைப் பானட்மேல் வைத்து, முன் எலாஸ்டிக்கைப் பம்பரில் மாட்டிவிட்டு, பின்னால் உருட்டிக்கொண்டே போய் இரண்டு பக்கமும் இறக்கிவிட வேண்டியதுதான். எது முன்பக்கம் என்று குழம்பாமலிருக்க முன் ஓரத்தில் சிவப்பு நூலால் நாலு தையல் போட்டு வையுங்கள். நாலைந்து தடவை செய்தால் கை பழகிவிடும்.

தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் கவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். தினம் இரண்டு முறை போட்டு எடுத்தால் உரசல்தான் மிச்சம், பத்தாவது நாளே சலித்துப்போய் டிக்கியில் கிடக்கும். வாரத்தில் ஐந்து நாள் நிற்கிற உங்கள் வண்டிக்குத்தான் கவர் சரியாகப் பொருந்துகிறது. பெயிண்டுக்கு மட்டுமல்ல. ஹெட்லைட் இப்போதெல்லாம் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் அதன்மேல் உள்ள பூச்சைத் தின்றுவிட்டால் மஞ்சள் பூத்துவிடும், பாலிஷ் போட்டுத் தெளிய வைத்தாலும் பூச்சு போனது போனதுதான், சில மாதத்தில் திரும்ப மங்கும். வைப்பர் ரப்பர், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், டாஷ்போர்டு எல்லாம் வெயிலில் காய்ந்து வெடிக்கும். வெயிலில் நிறம் மங்குவதற்கும் எச்சத் தழும்புக்கும் இன்சூரன்சில் பணம் கிடைக்காது, அதெல்லாம் தேய்மானக் கணக்கு.

கவர் செய்யாத வேலையும் உண்டு, அதை எதிர்பார்க்காதீர்கள். தேங்காய் விழுந்தால் பள்ளம் விழும். வெள்ளம் வந்தால் கவர் ஒன்றும் செய்யாது, தண்ணீர் கீழேயிருந்துதானே வருகிறது. புயல் அறிவிப்பு வந்தால் கவரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, வண்டியை மரத்தடியிலிருந்து நகர்த்துங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியபோது கவரோடு விட்ட வண்டிகள் சில பிறகு என்னிடம் வந்தன. கிழிந்த கவர் மணிக்கணக்கில் சாட்டைபோல அடித்து, கதவு ஓரங்களில் நிறமே போயிருந்தது.

தீபாவளியன்றும் கழற்றிவிட வேண்டும். இதை எத்தனையோ பேர் தலைகீழாகச் செய்கிறார்கள், பட்டாசிலிருந்து காப்பாற்ற என்று அன்றைக்குத்தான் தேடி எடுத்துப் போடுவார்கள். பாலியஸ்டர் 260 டிகிரி வாக்கில் உருகிவிடும். மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல். வெறும் வண்டிமேல் விழும் பொறி ஒரு புள்ளி போடும். கவர்மேல் விழுந்தால் துணி பற்றிக்கொள்ளும், உருகிய பிளாஸ்டிக் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு முடிந்தால் யாராவது தெரிந்தவர்கள் வீட்டு கேட்டுக்குள் நிறுத்துங்கள், இல்லையென்றால் திறந்தபடியே விடுங்கள்.

மழைக்காலம் முழுக்க, ஐப்பசி கார்த்திகையில், வெயில் முகம் காட்டும் காலையிலெல்லாம் கவரை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் காயப் போடுங்கள், வண்டிக் கதவுகளையும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். கவருக்கடியில் இருட்டும் அமைதியும் இருப்பதால் எலிக்கு அது வசதியான இடம். ஒயரைக் கடித்துவிட்டால் செலவு பெயிண்டைவிட அதிகம். செவ்வாய், ஞாயிறு வண்டி எடுக்கும்போதெல்லாம் பானட்டைத் திறந்து ஒரு பார்வை பாருங்கள். சருகு, பேப்பர்த் துணுக்கு, எலிப்புழுக்கை கண்ணில் பட்டால் அந்த வாரம் கவர் போடாமல் விட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பானட்டில் ஏற்கனவே விழுந்த தழும்புக்கு இப்போதே ரப்பிங் போட வேண்டாம். வெயிலில் நின்று பானட் நன்றாகச் சூடேறியதும் எட்டிப் பாருங்கள். லேசான தழும்பாக இருந்தால் கிளியர் கோட் இளகி அதுவே பாதி மறையும். மறையாமல் விளிம்பு விரலில் தட்டுப்பட்டால் மட்டும் நல்ல பெயிண்டரிடம் காட்டி, அந்த இடத்தை மட்டும் கையால் பாலிஷ் போடச் சொல்லுங்கள். மெஷினை வைத்து மொத்த பானட்டையும் ஓட்டிவிட ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாகப் புடவை. கவராகப் போட வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். பருத்தி மழையையும் பனியையும் குடித்து வைத்துக்கொள்ளும், அடியில் எலாஸ்டிக்கும் இராது, பெல்ட்டும் இராது, காற்றில் ஆடி மணலைத் தேய்க்கும். ஆனால் அவர் எடுத்து வைத்திருக்கும் புடவை வீணில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தியைவிட எச்சம் எடுக்க நல்ல துணி கடையில் கிடைக்காது. கரையையும் ஜரிகையையும் வெட்டி எறிந்துவிட்டு, கைக்குட்டை அளவில் நாற்பது ஐம்பது துண்டு போட்டு ஒரு டப்பாவில் வைத்து டிக்கியில் போடுங்கள், கூடவே ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். மகள் வீட்டு வாசலில் நிற்கும்போது காக்கை எச்சமிட்டால், துண்டை நனைத்து அதன்மேல் பத்து நிமிஷம் போட்டு வையுங்கள். ஊறியதும் தேய்க்காமல் அப்படியே கிள்ளி எடுத்துவிட்டு, அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள். திரும்பப் பயன்படுத்த வேண்டாம், அதில் மணல் இருக்கும்.